பேரி ஆற்றங்கரையில் சோத்தியும் ராணாகாவும்: ஒரு மலையூரின் சாதி வரைபடம்

நேபாளத்தின் கர்ணாலி பிரதேசத்தில், மேற்கு ருக்கும் மாவட்டத்தின் சவுர்ஜஹாரி நகராட்சிக்கு உட்பட்ட எட்டாவது வார்டில் உள்ள சிற்றூர் சோத்தி. அண்டை மாவட்டமான ஜாஜர்கோட்டில், பேரி நகராட்சியின் நான்காவது வார்டில் இருப்பது ராணாகாவ். பேரி ஆற்றின் பள்ளத்தாக்கு இரண்டையும் இணைக்கிறது. 2020 மே 23 வரை இவ்விரு பெயர்களும் அம்மாவட்டங்களுக்கு வெளியே பெரிதாக அறியப்பட்டவை அல்ல. அன்று ராணாகாவிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் சோத்திக்குச் சென்ற இளைஞர்களில் ஆறு பேர் உயிருடன் திரும்பவில்லை. நேபாளத்தில் சாதி வன்கொடுமை குறித்துப் பேசுவோர் இன்று முதலில் சொல்லும் பெயர்களுள் ஒன்றாகி விட்டது இவ்வூர்.

படுகொலை பற்றிய செய்திகளில் ஊர் என்பது ஒரு முகவரியாக மட்டுமே வந்து போகிறது. யார் எந்தச் சரிவில் குடியிருக்கிறார்கள், யாருடைய உழைப்புக்கு யார் தானியம் அளக்கிறார்கள், யார் யாரை மணக்கலாம் என்று எந்தச் சட்டம் எத்தனை காலம் கட்டளையிட்டது என்பவற்றை அறியாமல் அந்த மாலைப்பொழுதை விளங்கிக்கொள்ள இயலாது என்பது எமது கருத்து. எனவே நிலத்திலிருந்து தொடங்குகிறோம்.

ஆறும் சரிவும்

பேரி, கர்ணாலியின் கிளையாறு. வடக்கே டோல்பாவின் பனிமலைகளிலிருந்து வரும் டூலி பேரியும், ருக்கும் மலைகளிலிருந்து வரும் சானி பேரியும் ரிம்னா அருகே கலக்கின்றன. டூலி என்றால் பெரியது, சானி என்றால் சிறியது. இவ்விரண்டும் சேர்ந்த பின்னர் ஆறு வெறும் பேரி என்று அழைக்கப்படுகிறது. செங்குத்தான மலைகளுக்கு இடையே, ஆற்றின் ஓரத்தில் அங்கங்கே சமதளமான திட்டுகள் உள்ளன. அத்தகைய திட்டுகளில் பெரியது சவுர்ஜஹாரி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் உயரம். நெல் விளையும் மண். சிறு விமானங்கள் இறங்கும் ஓடுதளம். சுற்றுவட்டாரம் முழுவதும் நம்பியிருக்கும் ஒரு மிஷன் மருத்துவமனை. சந்தைக்கும் சிகிச்சைக்கும் ஜாஜர்கோட் பக்கத்து மக்களும் இங்கு வருவதுண்டு. ஆகவே மாவட்ட எல்லை என்பது காகிதத்தில் இருக்கும் அளவுக்கு நடைமுறையில் இல்லை.

'நகராட்சி' என்ற சொல் தமிழ் வாசகரைக் குழப்பக்கூடும். 2017-இல் நேபாளம் முழுவதும் பழைய கிராம வளர்ச்சிக் குழுக்கள் கலைக்கப்பட்டு 753 உள்ளாட்சி அமைப்புகள் உருவாக்கப்பட்டன. பல மலைக் கிராமங்களை ஒன்றாகச் சேர்த்து நகராட்சி என்று பெயரிட்டார்கள். சவுர்ஜஹாரி நகராட்சியிலும் பேரி நகராட்சியிலும் பெரும்பகுதி இன்றும் சோளமும் கோதுமையும் விளையும் படிக்கட்டு வயல்களே. அதே சீரமைப்பின்போதுதான் ருக்கும் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து கிழக்குப் பகுதி லும்பினி பிரதேசத்துக்கும் மேற்குப் பகுதி கர்ணாலிக்கும் சென்றது.

தமிழகத்தில் ஊர், சேரி என்று பிரித்தறியும் கண்ணுக்கு நேபாள மலையூர் முதலில் புலப்படாது. அங்கே வீடுகள் ஒரே கொத்தாக இருப்பதில்லை. சரிவெங்கும் சிதறிக் கிடக்கும் சிறுசிறு குடியிருப்புகளின் தொகுதிக்குத்தான் ஊர் என்று பெயர். ஒவ்வொரு குடியிருப்பும் ஒரு டோல். காமி டோல், சார்க்கி டோல் எனச் சாதிப் பெயராலேயே பல டோல்கள் அழைக்கப்படுகின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள்தாம். நீர் எங்கே ஊறுகிறது, மதகுநீர் எந்த வயலுக்கு முதலில் பாய்கிறது, எந்தப் பக்கம் மண் சரிகிறது என்று கேட்டால்தான் கோடு தெரியும். பாசனம் பெறும் வயலும் ஊற்றுக்கு அருகாமையும் மேல்சாதிக் குடும்பங்களிடம் இருப்பதும், செங்குத்தான, வறண்ட, சரிந்து விழக்கூடிய ஓரங்கள் தலித் டோல்களுக்கு வாய்த்திருப்பதும் நேபாள நடுமலைப் பகுதியின் பொதுவான அமைப்பு. சேரியைப் பிரிக்க அங்கே சாலை தேவைப்படவில்லை. சரிவே போதுமானதாக இருந்தது.

மக்களும் பெயர்களும்

ஜாஜர்கோட், கோர்க்கா அரசர்கள் நேபாளத்தை ஒன்றாக்குவதற்கு முன் மேற்கு மலைகளில் இருந்த 'இருபத்திரண்டு அரசுகள்' எனப்படும் சிற்றரசுகளுள் ஒன்று. அதை ஆண்டவர்கள் தாகூரிகள். கோர்க்காவின் மேலாண்மையை ஏற்றுக்கொண்டதால் அங்குள்ள அரசகுலம் தன் பட்டத்தையும் உள்ளூர் அதிகாரத்தையும் நெடுங்காலம் தக்கவைத்துக்கொண்டது. இத்தகைய குறுநில அதிகாரங்களுக்குச் சட்டப்படி முடிவு வந்தது 1961-இல்தான். ஷா, ஷாஹி, மல்லா, சிங் போன்ற குலப்பெயர்கள் தாகூரிகளுக்கு உரியவை. எண்ணிக்கையில் சிறியவர்களாயினும் அரசகுலத் தொடர்பு என்ற நினைவு அவர்களைச் சாதி அடுக்கின் உச்சியில், பார்ப்பனரோடு சேர்த்து வைத்திருக்கிறது. அடுத்து சேத்ரிகள். ருக்கும் மலைகளில் மகர் பழங்குடியினரும் கணிசமாக வாழ்கிறார்கள்.

மலைத் தலித்துகளுள் பெரிய சமூகம் காமி எனப்படும் கொல்லர்கள். 2011 கணக்கெடுப்பின்படி நேபாளம் முழுவதும் அவர்கள் ஏறத்தாழ 12.5 இலட்சம். தையலும் இசையும் தொழிலாகக் கொண்ட தமாய் 4.7 இலட்சம், தோல் தொழில் செய்யும் சார்க்கி 3.7 இலட்சம். பொற்கொல்லரான சுனாரும் தீண்டத்தகாதோர் வரிசையில்தான் வைக்கப்பட்டனர். மேற்கு நேபாளத்தில் பாதி என்னும் சமூகமும் உண்டு. நாட்டின் மக்கள்தொகையில் தலித்துகள் 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கர்ணாலி பிரதேசத்திலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய பங்கு இருந்தும் நிலத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை. 2010-11 வாழ்க்கைத்தர ஆய்வின்போது நாட்டின் வறுமை விகிதம் 25 விழுக்காடாக இருக்க, மலைத் தலித்துகளிடையே அது 43 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

பெயர் பற்றி ஒரு குறிப்பு. நேபாளச் செய்திகளில் 'பி.கே.' என்று முடியும் பெயர்கள் அடிக்கடி வரும். விஸ்வகர்மா என்பதன் சுருக்கம் அது. தமிழ்நாட்டில் விஸ்வகர்மா என்ற பெயரால் அறியப்படும் கைவினைச் சாதிகள் தீண்டாமைக்கு ஆட்படுத்தப்பட்டவை அல்ல. நேபாள மலைகளில் அதே பெயரைச் சூடியவர்கள் தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்ட கொல்லர்கள். காமி என்று இழிவாக அழைக்கப்படுவதிலிருந்து விலகத் தேர்ந்துகொண்ட பெயர் நாளடைவில் அதே இழிவின் அடையாளமாக மாறியது. வேறு சிலர் 'நேபாளி' என்று நாட்டின் பெயரையே குலப்பெயராக வைத்துக்கொண்டார்கள். தலைநகரில் வீடு வாடகைக்குக் கேட்கும்போது இந்தப் பெயரும் சாதியைக் காட்டிக்கொடுத்து விடுகிறது. தன் நாட்டின் பெயரைச் சொன்னதும் 'ஓ, தலித்தா?' என்று கேட்கப்படும் நிலை எங்களுக்குத் தெரிந்து வேறெங்கும் இல்லை.

உலை, ஊசி, தானியம்

மலையூரில் தலித்துகளின் உழைப்பு இன்றிப் பயிர்த்தொழில் நடவாது. கலப்பைக் கொழு, அரிவாள், கோடரி, குக்ரி எல்லாம் காமியின் உலையில் வடிக்கப்பட்டவை. உலைக்கு 'ஆரன்' என்று பெயர். ஒரு காமிக் குடும்பம் பல மேல்சாதி வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் கருவி செய்தும் பழுது பார்த்தும் கொடுக்கும். அறுவடையின்போது அவ்வீடுகள் தானியம் அளக்கும். தமாய் குடும்பம் துணி தைத்துக் கொடுத்தும் அதே முறையில் தானியம் பெறும். இதற்கு 'பாலிகரே' என்று பெயர். மேற்கு மலைகளில் களத்தைக் குறிக்கும் 'கலோ' என்ற சொல்லாலும் வழங்குகிறார்கள். தானியம் கொடுக்கும் வீட்டார் 'பிஸ்டா'. கூலி எவ்வளவு என்று எங்கும் எழுதப்பட்டதில்லை. நல்ல விளைச்சலில் நிறைய, பஞ்சத்தில் கொஞ்சம், மனக்கசப்பு வந்தால் எதுவுமில்லை. பிஸ்டாவின் கோபத்துக்கு ஆளாவது என்பதன் பொருள் அடுத்த அறுவடை வரை பட்டினி என்பதே.

இம்முறை இன்று தளர்ந்துவிட்டது. கடையில் வாங்கும் இரும்புச் சாமான்களும் ஆயத்த ஆடைகளும் ஒரு காரணம். இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலை தேடிச் சென்ற இளைஞர்கள் இன்னொரு காரணம். அதிகம் பேசப்படாத மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. உலை எரியக் கரி வேண்டும்; கரிக்கு மரம் வேண்டும். 1993 வனச் சட்டத்துக்குப் பின் மலைக்காடுகள் சமூகக் காடு பயனாளர் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இன்று நாட்டில் 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் உள்ளன. காடு காத்த வெற்றிக்கதையாக உலகம் முழுவதும் இது பாராட்டப்படுகிறது, பாராட்டுக்கு உரியதும்கூட. ஆனால் குழுவின் நிர்வாகத்தில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பிஸ்டா வீட்டார். விறகுக்கும் தழைக்கும் விதி வகுத்த அவர்கள், கரி சுடுவதைப் பல இடங்களில் தடை செய்தார்கள் அல்லது கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். தம் அரிவாளைத் தீட்டித் தருபவருக்குக் கரி எங்கிருந்து வரும் என்ற கேள்வி விதி எழுதியவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

தீண்டாமையின் நடைமுறைகளை இவ்விதழின் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. ஊற்றில் தனிமுறை, தேநீர்க் கடையில் தன் குவளையைத் தானே கழுவுதல், வீட்டுத் திண்ணையோடு நிற்றல் என எல்லாம் அறிந்தவையே. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம். தலித்தின் தொடுதலால் நேர்ந்த 'தீட்டை'க் கழிக்க மலைகளில் 'சுன்பானி' தெளிப்பார்கள். சுன் என்றால் பொன், பானி என்றால் நீர். பொன் தோய்த்த நீர் அது. அந்தப் பொன்னை உருக்கி அணிகலனாக்கியவர் சுனார், அவரும் தீண்டத்தகாதவர். அவர் கைபட்ட பொன் தீட்டைப் போக்குகிறது. அவர் கை தீட்டை உண்டாக்குகிறது. மணவீட்டிலும் இதே கதைதான். தமாய் குழுவின் பஞ்சேபாஜா முழங்காமல் மலையில் மங்கல ஊர்வலம் புறப்படாது. ஊர்வலம் வீடு சேர்ந்ததும் இசைத்தவர்கள் முற்றத்தில் நின்றுவிட வேண்டும்.

திருமணத்தைக் காவல்காத்த சட்டம்

1854-இல் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுக்கி ஐன் எனும் சட்டத் தொகுப்பு நேபாளத்தின் எல்லா மக்களையும் ஒரே ஏணியில் ஏற்றி நிறுத்தியது. உச்சியில் பூணூல் அணிவோர். அடுத்து, அடிமையாக்கத் தகாத மது அருந்துவோர். அடுத்து, அடிமையாக்கத் தக்க மது அருந்துவோர். அவர்களுக்குக் கீழே, நீர் வாங்கக்கூடாத ஆனால் தொட்டால் நீர் தெளிக்கத் தேவையில்லாதோர். எல்லாருக்கும் கீழே, தொட்டால் நீர் தெளித்தாக வேண்டியோர். காமி, சார்க்கி, தமாய், கயினே, பாதி ஆகியோர் இக்கடைசிப் படியில் எழுதப்பட்டனர். இந்தியாவில் சாத்திரமும் வழக்காறும் செய்த வேலையை நேபாளத்தில் அரசே சட்டப் புத்தகத்தில் எழுதி, நீதிமன்றத்தைக் கொண்டு செய்தது.

அச்சட்டத்தில் மிக விரிவான பகுதிகளுள் ஒன்று ஆண் பெண் உறவு பற்றியது. எந்தப் படியினர் எந்தப் படியினரோடு உறவு கொண்டால் என்ன தண்டனை, யார் சாதி இழப்பார், யார் கையால் இனி நீர் வாங்கக்கூடாது என்று அது படிவாரியாக விதித்தது. மேல்சாதி ஆண் கீழ்ப்படிப் பெண்ணோடு கொண்ட உறவைவிட, கீழ்ப்படி ஆண் மேல்சாதிப் பெண்ணோடு கொண்ட உறவுக்கே கடுமை அதிகம். ஏணியைக் குலைக்கும் செயல் எது என்பதில் சட்டம் எழுதியவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. அகமணமே சாதியின் அடிப்படை என்று அம்பேத்கர் பிற்காலத்தில் ஆய்ந்து சொன்னதை, ராணாவின் அரசு அனுபவத்தாலேயே அறிந்து வைத்திருந்தது.

1963-இல் வந்த புதிய முலுக்கி ஐன் இந்த ஏணியை நீக்கியது. ஏணி சட்டமாக இருந்த காலம் 109 ஆண்டுகள். ஒரு மலையூரில் நான்கைந்து தலைமுறை. 1990 அரசியலமைப்பு தீண்டாமையைத் தண்டனைக்குரியதாக்கியது. 2006 ஜூன் 4 அன்று மீட்டமைக்கப்பட்ட நாடாளுமன்றம் நேபாளத்தைத் தீண்டாமையற்ற நாடு என அறிவித்தது. 2009-இல் தலித் – தலித் அல்லாதோர் மணத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. 2011-இல் சாதிப் பாகுபாடு மற்றும் தீண்டாமைக் குற்றச் சட்டம் நிறைவேறியது. 2018 திருத்தத்துக்குப் பின் அதன் கீழ் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 2015 அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு தீண்டாமைக்கு எதிரான உரிமையையும், 40ஆம் பிரிவு நிலமற்ற தலித்துகளுக்கு நிலம், வீடு உள்ளிட்ட உரிமைகளையும் தந்தது. தெற்காசியாவிலேயே தாளில் மிக முன்னேறிய ஏற்பாடுகளுள் இவை அடங்கும்.

இதே காலத்தில் கர்ணாலி மலைகளில் நடந்தவற்றையும் இவற்றோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் வந்த அதே 2011-இல், தைலேக் மாவட்டத்தில் மகன் மேல்சாதிப் பெண்ணை மணந்ததற்காகத் தமாய் சாதித் தந்தை கொல்லப்பட்டார். ஆண்டு முடிவதற்குள் காலிகோட் மாவட்டத்தில் அடுப்பைத் தொட்டதற்காக ஒரு சுனார் அடித்துக் கொல்லப்பட்டார். கர்ணாலிக்கு வெளியே, தலைநகருக்கு அருகிலுள்ள காவ்ரே மாவட்டத்தில் 2016-இல் சாதி கடந்து மணந்த 18 வயது தலித் இளைஞர் மரணமடைந்தார். அது கொலை என்று கூறிய குடும்பம் நீதி கிடைக்கும்வரை உடலைப் பெற மறுத்தது. பல ஆண்டுகள் அவ்வுடல் காத்மாண்டு மருத்துவமனைப் பிணவறையில் இருந்தது.

போர் நடந்த மண்

ருக்குமும் அதன் அண்டை மாவட்டம் ரோல்பாவும் மாவோயிஸ்ட் போரின் தொட்டில். 1996 பிப்ரவரி 13 அன்று போரைத் தொடங்கி வைத்த தாக்குதல்களுள் ஒன்று இன்றைய மேற்கு ருக்குமில் உள்ள ஆத்பிஸ்கோட் காவல் நிலையத்தின் மீதானது. அக்கட்சி அரசிடம் முன்வைத்த 40 கோரிக்கைகளில் தீண்டாமை ஒழிப்பும் இடம்பெற்றது. தலித் இளைஞர்கள் பெருமளவில் படையில் சேர்ந்தார்கள். கட்சியின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்களில் கோயில் நுழைவும் சமபந்தியும் சாதி கடந்த மணங்களும் நடந்தன.

2006-இல் போர் முடிந்தது. துப்பாக்கிக்கு அஞ்சித் திறந்த கதவுகள் பல மெல்ல மூடிக்கொண்டன. புரட்சியின் தொட்டிலில் எப்படி இது நேர்ந்தது என்று 2020-இல் பலர் வியந்தார்கள். எமக்கு அந்த வியப்பு இல்லை. பத்தாண்டுப் போரில் நிலவுடைமை பெரிதாக மாறவில்லை; ஊற்றின் மேலும் காட்டின் மேலும் யாருக்கு அதிகாரம் என்பது மாறவில்லை. மாறியது தலித் இளைஞரின் மனம். பள்ளிக்குச் சென்றவர், கைப்பேசி வைத்திருப்பவர், தன் பாட்டனைப் போல முற்றத்தில் நிற்கத் தயாரில்லாதவர் என ஒரு தலைமுறை வந்தது. மோதல் அங்கிருந்தே பிறந்தது.

2020 மே 23

கொரோனாவை முன்னிட்டு மார்ச் 24 முதல் நாடடங்கு நடப்பில் இருந்தது. ராணாகாவைச் சேர்ந்த 21 வயது தலித் இளைஞரும் சோத்தியைச் சேர்ந்த 17 வயது தாகூரிப் பெண்ணும் சில காலமாகக் காதலித்து வந்தனர். அன்று அவ்விளைஞர் நண்பர்கள் பதினெட்டு பேருடன் சோத்திக்குச் சென்றார். பெண் அழைத்ததாலேயே சென்றார்கள் என்பது இளைஞர் தரப்பின் கூற்று. நண்பர் கூட்டத்தோடு சென்றதை ஊர்மேல் படையெடுப்பு என்று பின்னர் சிலர் சித்திரித்தனர். நேபாள மலைகளில் பெற்றோர் ஒப்பாத காதலர் ஓடிப்போய் மணம் செய்வது பரவலான வழக்கம். அப்போது மணமகனுடன் தோழர்கள் துணைக்குச் செல்வதும் வழக்கமே. சாதிக்குள் நடக்கும்போது அது குறும்பு என்று கருதப்பட்டு, சில நாளில் சமரசமாகி விடுகிறது.

சோத்தியில் அவர்களை ஊரார் கல்லாலும் தடியாலும் தாக்கினர். ஆற்றை நோக்கித் துரத்தினர். காயங்களுடன் தப்பியவர்களைக் காவல்துறை மீட்டது. ஆறு பேரின் உடல்கள் பேரி ஆற்றில் ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கப்பட்டன. கடைசி உடல் கிடைக்கப் பல நாள்கள் ஆயின. இறந்தவர்கள் அனைவரும் தலித்துகள் என்று தொடக்கத்தில் சில செய்திகள் கூறின. பெரும்பாலோர் தலித்துகள், தலித் அல்லாத தோழர்களும் அவர்களுள் இருந்தனர். இந்தத் திருத்தம் குற்றத்தின் சாதித் தன்மையைக் குறைப்பதாக நாங்கள் கருதவில்லை. தலித் நண்பனின் திருமணத்துக்குத் துணை சென்றவர்களுக்கும் அதே முடிவே விதிக்கப்பட்டது என்பதை அது காட்டுகிறது.

அதே நாள், நாட்டின் தெற்கே ரூபந்தேஹி மாவட்டத்தில் 13 வயது தலித் சிறுமி தூக்கில் பிணமாகக் கிடந்தாள். அவளைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகச் சொல்லப்பட்டவனுக்கே ஊரார் அவளை மணமுடித்து வைத்திருந்தனர். இரு செய்திகளும் சேர்ந்தே நாட்டை உலுக்கின. நாடடங்கையும் மீறிப் போராட்டங்கள் நடந்தன. உள்துறை அமைச்சகம் விசாரணைக் குழு அமைத்தது. ஐ.நா. மனித உரிமை ஆணையராக அப்போது இருந்த மிச்செல் பச்லே இக்கொலைகளைக் கண்டித்து, சார்பற்ற விசாரணை கோரினார்.

வாதங்களும் வழக்கும்

சோத்தி தரப்பிலிருந்தும் அரசியல்வாதிகள் சிலரிடமிருந்தும் மூன்று வாதங்கள் எழுந்தன. இளைஞர்கள் தாமே ஆற்றில் குதித்து மூழ்கினர் என்பது முதலாவது. கல்லெறிக்கு அஞ்சி ஆற்றில் இறங்கியவரை ஆறுதான் கொன்றது என்று வாதிடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இது சாதிப் பிரச்சினை அல்ல, இரு ஊர்ச் சண்டை என்பது இரண்டாவது. மணமகன் தாகூரியாக இருந்திருந்தால் கல் எடுக்கப்பட்டிருக்குமா என்று கேட்பதே அதற்குப் போதுமான பதில்.

மூன்றாவது வாதம் சற்று நின்று பேச வேண்டியது. பெண்ணுக்கு வயது 17. நேபாளச் சட்டப்படி ஆண், பெண் இருவருக்கும் திருமண வயது 20. ஆகவே இது குழந்தை மணத்தைத் தடுத்த செயல் என்றார்கள். அம்மணம் நடந்திருந்தால் அது சட்டத்துக்குப் புறம்பானதாகவே இருந்திருக்கும். தலித் இயக்கம் இதை மறைக்க வேண்டியதில்லை. குழந்தை மணத்தால் மிகுதியாகத் துன்புறுவோர் தலித் சிறுமிகளே. ஆனால் கர்ணாலி, குழந்தை மணங்கள் மலிந்த பிரதேசம். ஒரே சாதிக்குள் 17 வயதில் நடக்கும் மணங்களை எந்த ஊரும் கல்லெறிந்து நிறுத்தியதில்லை. மேளம் கொட்டி நடத்தியிருக்கிறது. சட்டத்தின் மீதான பற்று, தலித் மணமகன் வரும்போது மட்டும் விழித்துக்கொள்வதில்தான் சாதி வெளிப்படுகிறது. அந்தப் பெண்ணின் குரலையும் இவ்வாதம் விழுங்கிவிட்டது. அவள் யாரை விரும்பினாள் என்பதைப் பேசியவர்களைவிட, அவள் வயதைப் பேசியவர்கள் அதிகம்.

முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யவே குடும்பங்களும் தலித் அமைப்புகளும் அழுத்தம் தர வேண்டியிருந்தது. கொலைக் குற்றத்துடன் 2011 சட்டத்தின் கீழும் வழக்குத் தொடரப்பட்டது. 34 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். அவர்களுள் அந்த வார்டின் தலைவரும் ஒருவர். மூன்றரை ஆண்டுகளுக்குப் பின், 2023 டிசம்பர் 5 அன்று மேற்கு ருக்கும் மாவட்ட நீதிமன்றம் 26 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டது. 24 பேருக்கு ஆயுள் தண்டனை, இருவருக்கு இரண்டு ஆண்டு சிறை. இது முதல்நிலை நீதிமன்றத்தின் தீர்ப்பு. எனினும் சாதி வன்கொடுமை வழக்கு ஒன்றில் இத்தனை பேருக்கு இவ்வளவு கடுமையான தண்டனை விதிக்கப்பட்டது நேபாளத்தில் அரிது. அதுவரை பெரும்பாலான புகார்கள் காவல் நிலைய வாசலிலேயே 'மிலாபத்ரா' எனும் சமரசக் கடிதத்தில் முடிந்துபோயின. சமரசம் என்ற பெயரில் புகார் கொடுத்தவரே கையொப்பமிட்டு விலகிக்கொள்ளும் ஏற்பாடு அது.

வார்டு அலுவலகம்

குற்றம் சாட்டப்பட்டோரில் வார்டுத் தலைவர் இருந்தது தற்செயலான விவரம் அல்ல. நேபாளத்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் பதிவாகும் இடம் வார்டு அலுவலகம். குடியுரிமைச் சான்றுக்கும் நில ஆவணத்துக்கும் பரிந்துரைக் கடிதம் தருவதும் அதுவே. சாதி கடந்து மணந்த இருவர் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற முதலில் படியேற வேண்டிய அலுவலகம் அது.

அந்த அலுவலகத்தில் தலித் பெண்ணுக்கு ஓர் இருக்கை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வார்டுக் குழுவிலும் தலைவருடன் நான்கு உறுப்பினர்; அவர்களுள் ஒருவர் தலித் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2017 தேர்தலில் நாட்டின் 6,743 வார்டுகளில் 6,567 தலித் பெண்கள் இவ்வாறு உறுப்பினர் ஆயினர். மீதி வார்டுகளில் வேட்பாளர் இல்லாமல் இடம் காலியாகவே இருந்தது. தெற்காசியாவில் இதற்கு இணையான ஏற்பாடு எமக்குத் தெரிந்து இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பலர் நிலமற்ற குடும்பத்தினர். வரவு செலவுத் திட்டம் முடிவான பின் கையொப்பத்துக்காக மட்டும் அழைக்கப்படுவதாக அவர்களுள் பலர் கூறி வந்திருக்கிறார்கள். ஆயினும் ஒருகாலத்தில் முற்றத்தில் நிறுத்தப்பட்டவரின் மகள் அலுவலக நாற்காலியில் அமர்வதை இரு தரப்பும் தினமும் பார்க்கின்றன. இதன் விளைவை ஐந்தாண்டுகளில் அளக்க முடியாது.

தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, 2023 நவம்பர் 3 நள்ளிரவை நெருங்கும் வேளையில், ஜாஜர்கோட்டின் பாரேகோட் பகுதியை மையமாகக் கொண்டு 6.4 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஜாஜர்கோட்டிலும் மேற்கு ருக்குமிலும் 150க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பேரி நகராட்சியும் ஆத்பிஸ்கோட்டும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். கல்லையும் மண்ணையும் குழைத்துக் கட்டிய வீடுகள் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. நீதிமன்றம் தீர்ப்பு வாசித்த டிசம்பர் குளிரில் ஆற்றின் இரு பக்கமும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தார்ப்பாயின் கீழ் இருந்தன. தற்காலிகக் குடில் அமைக்க அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50,000 ரூபாய் அறிவித்தது. முதல் தவணை 25,000. யாருடைய வீடு இடிந்தது என்ற பட்டியல் வார்டு வாரியாகத் தயாரானது.